செப்புக் கம்பியில் கல் பதக்கம் கட்டும் முறை

துளையில்லாத ஒரு கல்லை, பற்றவைக்காமல், பசை தடவாமல், வெறும் கம்பிக்குள் நிற்க வைப்பதுதான் இந்த வேலை. கம்பியை இறுக்கிச் சுற்றினால் கல் நின்றுவிடும் என்று நினைத்துப் பலரும் இழுத்து இழுத்துச் சுற்றுகிறார்கள். கம்பி கோணுகிறது, கல் நழுவுகிறது, கடைசியில் கை பசையைத் தேடிப் போகிறது. கல்லைப் பிடித்து வைப்பது இறுக்கம் அல்ல. கல்லின் விளிம்பைச் சுற்றி ஓடும் சட்டத்தில் முன்பக்கம் ஓர் உதடு, பின்பக்கம் ஓர் உதடு என்று இரண்டு இருக்கும். கல் அவற்றுக்கு இடையில் மாட்டிக்கொள்கிறது. அந்த உதடுகள் சரியாக விழ வேண்டுமானால், சட்டத்தை வளைப்பதற்கு முன்பே அதன் கம்பிகளை மெல்லிய கம்பியால் ஒன்றாகக் கட்டி முடித்திருக்க வேண்டும். கட்டு முதலில், வளைவு பிறகு. இந்த வரிசை மாறினால் மற்ற எதைச் சரியாகச் செய்தாலும் பயனில்லை.

கல்

முதல் பதக்கத்துக்கு அகேட் அல்லது ஜாஸ்பர் எடுங்கள். கடினத்தை 1 முதல் 10 வரை எண்ணும் மோஸ் அளவில் இரண்டும் 6.5 முதல் 7 வரை. செம்பு 3 அளவில்தான் இருக்கிறது, அதனால் கம்பி கல்லைக் கீறாது. பிளையர் நுனி தவறிப் பட்டாலும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். சந்திரகாந்தக் கல்லும் லாப்ரடோரைட்டும் அழகானவை, ஆனால் உள்ளே பிளவுத் தளங்கள் உள்ள கற்கள். விளிம்பில் ஒரு புள்ளியில் அழுத்தம் விழுந்தால் சில்லு தெறிக்கும். ஃபுளோரைட், மலக்கைட் இரண்டும் 4 அளவுக்குள் அடங்கும். கை பழகும்வரை அவை வேண்டாம்.

கல்லின் வடிவம் அதன் வகையைவிட முக்கியம். அடி தட்டையாக, மேல்பக்கம் கவிழ்த்த கிண்ணம்போலக் குவிந்து மெருகிடப்பட்ட கல்லைக் கபோஷான் என்பார்கள். அதைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். விளிம்பில் செங்குத்தாக நிற்கும் சுவர் 1.5 முதல் 2 மி.மீ. உயரம் இருந்து, அங்கிருந்து மேல்நோக்கி உள்பக்கமாகச் சரிய வேண்டும். சரிவே இல்லாமல் சுவர் நேராக மேலே போய் முடியும் கல்லில் முன் உதடு பிடிக்க இடம் கிடைக்காது. கீழ் விளிம்பையும் லேசாகச் சீவிவிட்டிருந்தால் பின் உதடு நன்றாக உட்காரும்.

சிங்கப்பூரில் கல் வாங்க ரோச்சோரில் இருக்கும் ஃபூ லூ ஷோ காம்ப்ளெக்ஸ் பலரும் போகும் இடம். அங்கே கல்லைக் கையில் எடுத்து விளிம்பைப் பார்க்கலாம். இணையத்தில் வாங்கும்போது மேற்பக்கப் படம்தான் கிடைக்கும், பக்கவாட்டுப் படம் கேட்டு வாங்குங்கள். பளிச்சென்ற நீலம், ரோஜா நிற அகேட் பெரும்பாலும் சாயம் ஏற்றியது. கட்டுவதற்கு அதனால் குறையில்லை, விலை கொடுக்கும்போது தெரிந்திருந்தால் போதும்.

இந்தக் குறிப்பு முழுவதும் 30 × 22 மி.மீ. நீள்வட்டக் கல்லை வைத்து எழுதப்பட்டது.

கம்பி

வேண்டியது பூச்சில்லாத, மென்மையான செப்புக் கம்பி. சட்டத்துக்கு 0.8 மி.மீ., கட்டுவதற்கு 0.4 மி.மீ. வாங்கும்போது மி.மீ. கணக்கிலேயே கேளுங்கள். 20 கேஜ் என்றால் அமெரிக்க அளவில் 0.81 மி.மீ., பிரிட்டிஷ் அளவில் 0.91 மி.மீ. இந்தியாவிலிருந்து வரும் சுருளும் அமெரிக்க முறையில் பெயரிட்ட சுருளும் ஒரே எண்ணைச் சொல்லி வேறு கனத்தைத் தரும். மூன்று கம்பி பக்கத்தில் பக்கமாக நிற்கும் சட்டத்தில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

செப்பு நிறத்தில் விற்பதெல்லாம் செம்பு அல்ல. கைவினைக் கடைகளில் தொங்கும் பல சுருள்கள் சாயம் ஏற்றிய அலுமினியம். நுனியை வெட்டி வெட்டுமுகத்தைப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். சுருள் கையில் பஞ்சுபோல இருந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் அதே பருமனில் செம்பு மூன்று மடங்குக்கு மேல் கனக்கும். அலுமினியம் எளிதாக வளையும், அதே எளிமையில் திறந்தும் கொள்ளும். ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரில் மின்பொருள் கடைகளில் கிடைக்கும் மோட்டார் சுற்றும் கம்பி உண்மையான செம்புதான், ஆனால் மேலே எனாமல் பூச்சு உண்டு. பிளையர் பட்ட இடத்தில் பூச்சு உரியும், உரிந்த இடம் மட்டும் கறுக்கும், பதக்கம் திட்டுத்திட்டாகிவிடும்.

பழகுவதற்கு நல்ல கம்பி வீட்டு மின்வேலையில் மிஞ்சிய கேபிள் துண்டிலேயே இருக்கிறது. 4 சதுர மி.மீ. கேபிளின் பிளாஸ்டிக் உறையை உரித்தால், உள்ளே 0.85 மி.மீ. கனத்தில் ஏழு இழைகள் முறுக்கியிருக்கும். மென்மையான சுத்தச் செம்பு. முறுக்கைப் பிரித்து நேராக்கினால் சட்டத்துக்கு அப்படியே ஆகும். 2.5 சதுர மி.மீ. கேபிளில் இழை 0.67 மி.மீ., அது சற்று மெலிது. சுவரில் பொருத்திய கேபிளைத் தொடாதீர்கள், கழித்துப் போட்ட துண்டு மட்டும்.

செம்புக்கு ஒரு குணம் உண்டு. வளைக்க வளைக்க இறுகும். ஓர் இடத்தை வளைத்து, நிமிர்த்தி, மறுபடி வளைத்தால் அந்த இடம் விறைத்துவிடும், இன்னும் தொடர்ந்தால் ஒடியும். அதனால் அளவெடுப்பதில் நேரம் செலவழியுங்கள், வளைப்பதை ஒரே தடவையில் முடியுங்கள். முடிந்த பதக்கம் உறுதியாக நிற்பதும் இதே குணத்தால்தான்.

விறைத்துப்போன 0.8 கம்பியை மீட்கலாம். தளர்வாகச் சுருட்டி, இடுக்கியில் பிடித்து, சமையலறை கேஸ் அடுப்புச் சுடரில் மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை காட்டித் தண்ணீரில் போட வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால்தான் அந்த நிறம் கண்ணுக்குத் தெரியும். மேலே படியும் கரியைப் புளியும் உப்பும் கரைத்த நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் போகும். 0.4 கம்பியை இப்படிச் செய்யாதீர்கள், கண் சிமிட்டுவதற்குள் உருகிவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பொது நடைபாதையில் வைத்து நெருப்பு வேலை செய்வது கூடவே கூடாது.

கருவிகள்

உள்பக்கம் பல் இல்லாத தட்டை மூக்கு பிளையர், உருண்டை மூக்கு பிளையர், கூர் மூக்கு பிளையர், ஒரு பக்கம் தட்டையாக வெட்டும் கட்டர். மேலும் அளவுகோல், நிரந்தர மார்க்கர், மாஸ்கிங் டேப், ஊசி அரம், 0000 எண் இரும்புப் பஞ்சு, 5 அல்லது 6 மி.மீ. கனமுள்ள பின்னல் ஊசி, ஒரு ஏஏ பேட்டரி. கண்ணாடி அணியாதவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வெட்டுப்பட்ட நுனி முகத்தை நோக்கித்தான் பறக்கும்.

அளவும் கட்டும்

கல்லின் விளிம்பைச் சுற்றி மெல்லிய மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒன்றின்மேல் ஒன்று வரும் இடத்தில் கோடு போட்டு, உரித்து அளந்து பாருங்கள். நம் கல்லுக்கு ஏறக்குறைய 82 மி.மீ. வரும். கம்பியின் கனத்தால் சுற்றளவு 2.5 மி.மீ. கூடுகிறது, உச்சியில் கம்பியை மேல்நோக்கி மடிக்கும் இடமான தோளுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு இடைவெளி வேண்டியிருக்கிறது. ஒன்றுக்கொன்று ஈடு. எனவே அளந்த எண்ணை மாற்றாமல் வைத்துக்கொள்ளலாம்.

0.8 கம்பியில் 28 செ.மீ. துண்டுகள் மூன்று வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் இரும்புப் பஞ்சால் துடைத்து, ஒரு நுனியைப் பிளையரில் பிடித்து, தடித்த துணியால் இரண்டு தடவை இழுத்து நேராக்குங்கள். அதற்குமேல் இழுத்தால் கம்பி விறைக்கத் தொடங்கும். விளிம்புச் சுவர் 3 மி.மீ.யை நெருங்கும் கல்லென்றால் நான்கு கம்பி வேண்டும். சுவரைவிடக் கம்பிக் கட்டு அரை மி.மீ. அளவாவது அகலமாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

மூன்றையும் மேசைமேல் பக்கத்தில் பக்கமாகப் படுக்க வைத்து இரண்டு நுனியிலும் டேப் ஒட்டுங்கள். நடுவில் ஒரு கோடு. அதிலிருந்து இரு பக்கமும் 16 மி.மீ.யில், 33 மி.மீ.யில், 41 மி.மீ.யில் கோடுகள். 41 என்பது தோள், அங்கே கட்டு கிடையாது. நடுவிலும் 16, 33 கோடுகளிலுமாக ஐந்து கட்டுகள்.

0.4 கம்பியில் 12 செ.மீ. துண்டு எடுத்து, நுனியில் சிறு கொக்கி மடித்து, கோட்டுக்கு 1 மி.மீ. முன்னால் மாட்டி, இடைவெளி விடாமல் ஆறு சுற்று சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தட்டை மூக்கால் மேலும் கீழும் மெல்ல அழுத்திக் கொடுத்தால் மூன்று கம்பியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. தொடக்கமும் முடிவும் ஒரே பக்கத்தில் வர வேண்டும். அந்தப் பக்கம்தான் பிறகு கல்லைத் தொடும் உள்பக்கம். நுனிகளை ஒட்ட வெட்டி, அரத்தால் ஒருமுறை தடவி, அழுத்தி விடுங்கள். ஐந்து கட்டும் முடிந்ததும் விரலால் தள்ளிப் பாருங்கள். நழுவினால் சுற்று தளர்வு அல்லது கம்பியில் எண்ணெய்ப்பசை. நழுவும் கட்டைச் சரிசெய்ய முயல வேண்டாம், வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் துண்டில் கட்டுங்கள். பத்துக் காசுக் கம்பிதான்.

இந்தக் கட்டுகளுக்கு நடுவே வெறுமனே நிற்கும் 13, 14 மி.மீ. இடைவெளிகளில்தான் உதடுகள் பிறக்கப் போகின்றன. அதனால்தான் கட்டுகள் இரு பக்கமும் ஒரே தூரத்தில் வர வேண்டும். ஒரு பக்கம் 2 மி.மீ. தள்ளிப் போனாலும் முகத்தில் கோணல் தெரியும்.

வளைப்பது

கல்லின் மேலேயே வைத்து வளைக்க வேண்டாம். கம்பி சற்றுப் பின்வாங்கும் குணமுள்ளது, எனவே வேண்டியதைவிடக் கொஞ்சம் சிறிய உருளையில் வளைத்தால்தான் சரியாக வந்து நிற்கும். நம் நீள்வட்டத்தின் அடி முனை சுமார் 16 மி.மீ. வட்டத்தின் வளைவு. ஏஏ பேட்டரியின் விட்டம் 14.5 மி.மீ. நடுக்கட்டைப் பேட்டரியில் வைத்து, உள்பக்கம் பேட்டரியைத் தொட, இரு கட்டைவிரலாலும் ஒரே சீராக அழுத்தினால் அடி முனை அச்சாக விழும். பிறகு இரு பக்கத்தையும் கல்லின் ஓரத்தோடு ஒட்டி விரல்களாலேயே மெதுவாகத் தழுவிக் கொண்டுபோங்கள். இங்கே பிளையர் எடுத்தால் முறிவுமுறிவாகக் கோணம் விழும்.

41 மி.மீ. கோட்டில் தட்டை மூக்கால் மூன்று கம்பியையும் சேர்த்துப் பிடித்து மேல்நோக்கி மடியுங்கள். இதுதான் தோள். பிளையர் வாயில் ஒரு சுற்று டேப் ஒட்டிக்கொண்டால் தழும்பு விழாது. இரண்டு தோளையும் சேர்த்துப் பிடித்து, கல்லை உள்ளே வைத்துப் பாருங்கள். கல் தடையில்லாமல் விழுந்தால் சட்டம் பெரிது. தோளை அரை மி.மீ. கீழே இறக்குங்கள், இந்த ஒரு திருத்தத்தைக் கம்பி தாங்கும். கல் உள்ளே போகவே மறுத்தால் அளவே தவறு. புதிதாகத் தொடங்குவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

முதலில் பின் உதடு. கல்லை வெளியே எடுத்துவிட்டு, நான்கு இடைவெளிகளிலும் மூன்றில் பின்பக்கம் இருக்கும் கம்பியைக் கூர் மூக்கால் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி, உள்பக்கமாக 1 முதல் 1.5 மி.மீ. சாய்த்து விடுங்கள். இழுக்காதீர்கள், சாய்ப்பது மட்டும். ஒரே இடத்தில் அதிகமாக இழுத்தால் அடுத்த இடைவெளியில் கம்பி தட்டையாகி அங்கே பிடி இருக்காது. இப்போது கல்லை முன்பக்கமாக வைத்தால், தட்டில் வைத்ததுபோல உட்கார வேண்டும்.

கல் உள்ளே இருக்க, ஆறு கம்பிகளையும் உச்சியில் தட்டையாக ஒன்று சேர்த்து டேப்பால் பிடித்துக்கொண்டு, 20 செ.மீ. நீளமுள்ள 0.4 கம்பியால் ஐந்து சுற்று. இதுதான் கழுத்து. வேலையில் மிகக் கவனம் வேண்டிய இடம் இது. கழுத்து கல்லின் நடுக்கோட்டில் நிற்கவில்லையென்றால் பதக்கம் காலமெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தே தொங்கும். கல்லின் அடி முனையில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, அளவுகோலை அதன்மேலும் கழுத்தின் நடுவிலும் வைத்துப் பாருங்கள். சுற்று முடிவதற்குள் திருத்தினால்தான் உண்டு.

பிறகு முன் உதடு. பின்பக்கம் செய்ததுபோலவே, ஆனால் எதிரெதிராக: இடது கீழ், வலது மேல், வலது கீழ், இடது மேல். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கம் போனால் கல் நகர்ந்துவிடும். பிளையர் நுனி கல்லில் படாமலிருக்க, கடைசி அழுத்தத்தை மூங்கில் குச்சியால் கொடுங்கள்.

காதருகே வைத்து ஆட்டுங்கள். சத்தம் வரக் கூடாது. பின்னாலிருந்து கட்டைவிரலால் நன்றாகத் தள்ளுங்கள். கல் அசைந்தால் எந்த இடைவெளியில் அசைகிறதோ அங்கே மட்டும் உதட்டை இன்னும் கொஞ்சம் சாய்த்தால் போதும்.

சங்கிலி வளையம்

கழுத்துக்குமேல் ஆறு வால்கள் நிற்கும். பின் கம்பிகள் இரண்டையும் பின்பக்கமாகக் கழுத்தின்மேல் மடித்து, 4 மி.மீ. விட்டு வெட்டி, நுனியை அரத்தால் உருட்டுங்கள். அவை கல்லின் பின்மேல் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும்.

நடுக் கம்பிகள் இரண்டும்தான் வளையம். பின்னல் ஊசியைக் கழுத்துக்குமேல் இடம் வலமாகப் படுக்க வைத்து, இரண்டையும் சேர்த்து முன்னிருந்து பின்னாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள். வால்கள் பின்னால் இறங்கியதும், ஒன்றை இடமாகவும் மற்றதை வலமாகவும் கழுத்தைச் சுற்றி ஒன்றரைச் சுற்று கொடுத்து முடியுங்கள். முன்பு மடித்த பின் கம்பிகள் இதற்கடியில் பூட்டிக்கொள்ளும். வளையம் முழுதும் கழுத்துக்குப் பின்னால் போய்விட்டால், போட்டுக்கொள்ளும்போது பதக்கத்தின் முகம் தரையைப் பார்க்கும். பக்கவாட்டில் பார்த்து, வளையத்தின் நடு கல்லின் கனத்தின் நடுவுக்கு நேர்மேலே வரும்படி முன்னுக்குத் தள்ளுங்கள். சங்கிலியின் கொக்கி முனை அந்த வளையத்தில் நுழைகிறதா என்பதை ஊசியை உருவியவுடனே பார்த்துவிடுங்கள்.

மிஞ்சிய முன் கம்பிகள் இரண்டும் அலங்காரத்துக்கு. உருண்டை மூக்கின் நுனியில் தொடங்கி ஒவ்வொன்றையும் இரண்டு, மூன்று சுற்றுச் சுருளாக்கி, கழுத்தை மறைத்துக் கல்லின் மேல் விளிம்பில் 1 மி.மீ. ஏறி உட்காரும்படி அழுத்துங்கள். அழகுக்கு அழகு, உச்சியில் கல்லுக்கு முன்பிடியும் ஆகிறது. இரண்டு சுருளையும் ஒரே அளவில் செய்ய, பிளையர் வாயில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு அந்த இடத்திலேயே இரண்டையும் தொடங்க வேண்டும்.

கடைசியாக, ஒரு ஷிஃபான் துப்பட்டாவைப் பதக்கத்தின் எல்லாப் பக்கமும் இழுத்துத் தேய்த்துப் பாருங்கள். நூல் மாட்டும் இடம் ஒவ்வொன்றும் அரம் பட வேண்டிய இடம். தீபாவளிப் புடவையில் மாட்டிக் கிழிவதைவிட இது நல்லது. முடிந்த பதக்கம் 9, 10 கிராம் இருக்கும்.

கறுப்பும் வியர்வையும்

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டுக்குமேல். செம்பு இங்கே பளபளப்பாகவே இருக்காது. ஒழுங்கில்லாமல் தானாகக் கறுப்பதற்குமுன் நாமே கறுக்க வைப்பது நல்ல வழி. ஒரு முட்டையை 10 நிமிடம் அவித்து, சூட்டோடு நசுக்கி, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். பதக்கத்தை முட்டையில் படாமல் ஒரு சிறு கிண்ணத்தில் வைத்து உள்ளே இறக்கி மூடுங்கள். மஞ்சள் கருவிலிருந்து வரும் கந்தக வாயு செம்பைப் பழுப்பாக்கிப் பிறகு கறுப்பாக்கும். அரை மணியிலிருந்து சில மணி நேரம்வரை ஆகலாம், அடிக்கடி திறந்து பாருங்கள். நிறம் வந்ததும் சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, இரும்புப் பஞ்சால் மேடான இடங்களை மட்டும் தேய்த்தால் கட்டுகளின் பள்ளத்தில் கறுப்பு நின்று, மேலே செம்பு மின்னும். கறுக்காமல் விட்ட பதக்கத்தில் ஒரு சுற்று சரியில்லையென்றால் யாருக்கும் தெரியாது, கறுத்ததில் தெரியும். அதனால் கட்டு நன்றாக வந்த பதக்கத்துக்கே இதைச் செய்யுங்கள்.

தோலில் பச்சை படிவது வியர்வையிலுள்ள உப்பும் அமிலமும் செம்போடு சேர்ந்து உருவாகும் செப்பு உப்பு. சோப்புப் போட்டால் போய்விடும். குறைக்க வேண்டுமானால் பின்பக்கத்தில் மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகை மிக மெல்லியதாகத் தடவி, 10 நிமிடம் கழித்துத் துணியால் தேய்த்துவிடுங்கள். தினமும் அணிபவர்கள் மாதம் ஒருமுறை. தெளிவான லாக்கர் அடிப்பதைவிட இது மேல். லாக்கர் உரசல் படும் இடத்தில் உரிந்து, அங்கே மட்டும் கறுக்கும்.

குத்துவிளக்குத் தேய்க்கும் புளி செப்புப் பதக்கத்துக்கும் நன்றாக வேலை செய்யும், அகேட், ஜாஸ்பர் போன்ற கற்கள் இருந்தால் மட்டும். முத்து, பவளம், டர்க்காய்ஸ், மலக்கைட் பதித்ததில் புளியோ எலுமிச்சையோ படக் கூடாது, அமிலம் மெருகைத் தின்றுவிடும். முட்டைப் புகையும் இவற்றுக்கு வேண்டாம். கழற்றியபின் துடைத்து, காற்று வெளியேற்றிய ஜிப் பையில் வையுங்கள்.

சில மாதம் கழித்துக் கல் லேசாக ஆடத் தொடங்கினால் முன் உதட்டைத் தொடாதீர்கள், முகம் கெடும். பதக்கத்தைத் திருப்பி, பின் கம்பியை ஓர் இடைவெளியின் நடுவில் கூர் மூக்கால் பிடித்துக் கால் சுற்று திருப்புங்கள். அங்கே ஒரு சிறு நெளிவு விழும், அந்த அளவுக்குக் கம்பி குறுகிக் கல்லை இறுக்கும். எதிர்ப்புற இடைவெளியிலும் அதேபோல ஒன்று செய்தால் ஆட்டம் நின்றுவிடும்.